பாப்பா துணிக்கே ஊற்றுகிற சரக்கு

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவளுக்கு வேறென்ன வேலை? டியூப் லைட்டுக்குக் கீழே கைக்குழந்தைகள் போடும் சட்டையை விரித்துப் போட்டு, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறை தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். வருஷக்கணக்காக இதையே செய்தால் மனுஷி எப்படி இருப்பாள்? வீட்டில் கறிவேப்பிலையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் தாளிப்பேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. இருமல் ரூபத்தில் வந்தது.

சும்மா தொண்டைச் செருமல் இல்லை. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது மாதிரி இருக்கும். மூச்சு விட்டால் விசில் கேட்கும். திருப்பூரில் ஒருத்தர் இருமினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. "பஞ்சுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். டாக்டரும் என்ன வேலை என்று கேட்டார். பனியன் கம்பெனி என்றேன். அதோடு அவருடைய விசாரணையும் முடிந்தது. "மாஸ்க் போடுங்க. முடிஞ்சா வேலைய மாத்திக்குங்க" என்றார். என் வீட்டுக்காரர் அந்த 'முடிஞ்சா'வை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இந்த மாசத்தோட நின்னுக்க அம்மிணி. மூச்சு இருந்தாத்தான வேலை? பேசாம ஊட்ல இரு."

அவர் சொன்னது அக்கறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்தே நான் வீட்டோடு இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. அதனால் எனக்கு அக்கறை எது, ஆசை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த டேபிளை விட்டுவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து சுவரையா செக் பண்ணுவது? நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. அழுதால் இருமல் வரும், இருமினால் அவர் "பாரு, பாரு" என்பார். அதனால் அழுவதையும் விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் பாத்ரூம் பிரச்சினை.

மண்ணரைப் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டில் நான் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். பாத்ரூம் தரைக்கு வெள்ளை மார்பிள். சுவரில் சாதாரண டைல்ஸ் போதும், காலுக்குக் கீழே மட்டும் நிஜக் கல்லாக இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். போட்ட புதிதில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. கொஞ்ச காலத்திலேயே அங்கங்கே திட்டுத்திட்டாக மங்கிப்போனது. விரலை வைத்தால் சொரசொரவென்று இருந்தது. சுவர் டைல்ஸ் நடுவில் இருக்கும் சிமென்ட் கோடு வேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. மார்பிள் கடைக்காரன் காதில் பூ சுற்றிவிட்டான் என்று முடிவு கட்டி நேரே போய் நின்றேன். அவன் நிதானமாக, "என்னுங்கக்கா ஊத்திக் களுவுறீங்க?" என்று கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லைப் பற்றிக் கேட்டால் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறான் பார் என்று கத்திவிட்டு வந்தேன்.

வந்துவிட்டேனே தவிர, கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

நாங்கள் ஊற்றியது வேறொன்றுமில்லை. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாயிலும் தரையிலும் வெள்ளையாகப் படியும். அது போவதற்கு அவர் பட்டறையிலிருந்து ஒரு கேனில் ஆசிட் கொண்டுவருவார். சாயம் போட்ட துணியில் இருக்கும் காரத்தை எடுக்க ஊற்றுவார்களே, அந்த ஆசிட். லேபிள் கிடையாது, மூடி மட்டும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தரை முழுக்க ஊற்றிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவார். பிறகு நான் உள்ளே போய் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்ப்பேன். அந்த வாசம் வந்தால்தான் எனக்குச் சுத்தம் செய்த மாதிரி இருக்கும்.

ஆரம்பத்தில் அந்தக் கேனைப் பார்த்து நான் கேட்கத்தான் செய்தேன், இது பரவாயில்லையா என்று. அவர் சிரித்தார். "ஏம்மிணி, பாப்பா துணிக்கே இதைத்தான் ஊத்தறோம். வெளிநாட்டுக்காரன் லேப்ல வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாஸ் போட்டுப்போட்டான். உன்ற பாத்ரூமு அதைவிடப் பெருசா?" என்றார். பாப்பா துணி என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சே இல்லை. எதையும் நம்பாத நானே அதை நம்பினேன்.

கடைக்காரன் கேட்ட பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. கிளீனர் விற்கும் கடைக்குப் போனேன். கடையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் இருந்தான். எந்த பாட்டிலை எடுத்தாலும், "யக்கா, கண்ண மூடிட்டு ஊத்துங்க, எல்லாத் தரைக்கும் ஆகும்" என்றான். கண்ணை மூடச் சொன்னால் நான் இன்னும் அகலமாகத் திறப்பேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் மின்னுகிற பாத்ரூம் படம். பின்பக்கம் எறும்பு எழுத்தில், மார்பிள் தரையில் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. எலுமிச்சை மணம் என்று இன்னொன்று, அதிலும் புளிப்புதான். கடைசியில் கல் தரைக்கென்றே வைத்திருந்த ஒரு பாட்டில் கிடைத்தது. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, நடுநிலை என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தால் ஆயிற்றா? லேபிள் ஒட்டுவது எவ்வளவு லேசு என்று எனக்குத் தெரியாதா? எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு துணி லாட்டில் கலர் மாறிவிட்டதென்று பட்டறையிலிருந்து அவரை விடிந்ததும் கூப்பிட்டுவிட்டார்கள். ஆசிட் ஊற்ற அவருக்கு நேரமில்லை. நல்லதாகப் போயிற்று என்று, வீடு கட்டும்போது மிஞ்சிய மார்பிள் துண்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு விட்டு, பக்கத்தில் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டினேன். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து அதையும் ஒரு சொட்டு விட்டேன். கேனைக் கடைசியில் திறந்தேன்.

அந்தச் சொட்டு விழுந்ததும் கல் நுரைத்தது. அம்மாடி! சோடா மாதிரிப் பொங்கியது. துடைத்துப் பார்த்தால், பாத்ரூமில் இருக்கும் அதே மங்கல், அதே சொரசொரப்பு. நடுநிலை பாட்டில் சொன்ன பேச்சைக் காப்பாற்றியிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்ட இடமும் பளபளவென்று அப்படியே இருந்தது. மார்பிள் கடைக்காரனிடம் கத்தியதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று பாத்ரூமுக்கு வெறும் சோப்புத் தண்ணீர்தான். தேய்த்துக் கழுவி, உப்புப் படியாமல் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. நான் இருமவே இல்லை.

துணியில் ஒரே குறை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அது மெஷினில் இருக்கும் கோளாறு. செக்கிங்கில் முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். என் இருமலை அப்படி வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம் ஆரம்பிக்கும். திங்களும் செவ்வாயும் உயிரை எடுக்கும். போகப் போகக் குறையும். வெள்ளி, சனியில் பஞ்சுக்கு நடுவிலேயே நின்றாலும் சும்மா இருக்கும். மறுபடி ஞாயிறு, கம்பெனி லீவு, வீட்டில் இருமல். பஞ்சு என்ன, லீவு நாளில் பஸ் பிடித்து வீட்டுக்கு வருமா? கேனையும் பிளீச்சிங் பவுடரையும் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி.

சாயங்காலம் அவர் வந்ததும் மார்பிள் துண்டை முன்னால் வைத்து இன்னொரு சொட்டு ஆசிட் விட்டேன். நுரைத்தது. அவர் உடனே, "பாப்பா துணிக்கே..." என்று ஆரம்பித்தார்.

"அந்தத் துணியை அதுக்கப்புறம் எத்தனை தண்ணியில அலசறீங்க? பேப்பரை நனைச்சு, புளிப்பு போயிருச்சான்னு பாத்துட்டுத்தான அனுப்பறீங்க? இங்க யாருங்க பாத்தா?"

அவர் கல்லைத் தடவிப் பார்த்தார். இருமலைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "அது பஞ்சுதான்" என்றார், ஆனால் குரலில் தெம்பில்லை. அப்போதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஆசிட் மேல் பிளீச்சிங் பவுடர் என்று கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மூடுன பாத்ரூம்லயா? அதுல வர்ற காத்து நுரையீரலையே அரிச்சிடும்மா. இனி ரெண்டையும் சேக்கவே கூடாது. முதல்ல இதை நிறுத்துங்க. பஞ்சா இல்லையாங்கிறதை அப்புறம் பார்ப்போம்" என்றார். அப்போ வேலையை விட வேண்டாமா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டியில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அவர் மட்டும் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் ஏன் இப்படி வருகிறார் என்று அப்போதே எனக்கு ஒரு குறுகுறுப்பு.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனால் என் டேபிளில் ஒரு புதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஃப்ளோர் மேனேஜரிடம் ஓடினேன்.

"உங்க ஊட்டுக்காரர் போன வாரமே வந்து சொல்லிட்டாருங்களே, நீங்க நின்னுக்கறீங்கன்னு" என்றார் அவர்.

"நான் சொன்னனாங்க?"

"அவுரு சொன்னா நீங்க சொன்ன மாதிரிதானுங்களே."

நான் அழவில்லை. நான் நிற்கவில்லை, நிற்கப்போவதும் இல்லை, இனி என்னைப் பற்றி எதுவானாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று அந்த ஃப்ளோர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். ஷிப்மென்ட் நெருக்கத்தில் அவருக்கும் ஆள் தேவைதான். புதுப் பெண்ணை வேறு டேபிளுக்கு மாற்றினார். அன்று என் கையில் எந்தப் பீஸும் லேசில் பாஸாகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் பாத்ரூமில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பனியன் வேஸ்ட் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேன் வீட்டில் இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"விசாரிச்சேன் அம்மிணி. மெஷின் வெச்சுப் பாலிஷ் போட்டா கல்லு பழையபடி ஆயிருமாம்" என்றார்.

"கல்லுக்குப் போட்டுக்கலாமுங்க. என்னையக் கேக்காம நான் நின்னுக்கறேன்னு சொல்லிட்டு வந்தீங்களே, அதுக்கு என்னத்தைப் போடறது?"

துடைப்பதை நிறுத்திவிட்டு, "உன்ற நல்லதுக்குன்னுதான சொன்னேன்" என்றார்.

"ஆசிட்டையும் நல்லதுக்குன்னுதானுங்க ஊத்துனீங்க" என்றேன்.

அவர் குனிந்த தலையோடு, துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.