அன்னூர் பொம்மைக் கடையின் நிபுணர்

ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் மலிவு விலை பிளாஸ்டிக் பிளாக்ஸ் செட்டுகளைப் பற்றி நான்காம் வகுப்பில் எனக்குத் தெரிந்திருந்த அளவுக்குப் பீளமேட்டில் வேறு எவருக்கும் தெரிந்திருக்காது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிளாக்கைக் கையில் வாங்கினாலே அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். விளிம்பில் பிசிறு தட்டினால் ரயில் படம் போட்ட பெட்டி. மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தால் கோட்டைப் பெட்டி. மூக்கருகே கொண்டுபோனதும் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அது விண்கலப் பெட்டி, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

அசல் செட் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. என் வகுப்புத் தோழிக்கு அவள் அப்பா வெளிநாட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்திருந்தார். அவளுடைய பிறந்தநாளன்று அதைத் தொட்டுப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. இரண்டு பிளாக்குகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து அமுக்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிரிக்கும்போதும் அதே சத்தம். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது, கேட்டவுடன் விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தத்தைக் காதுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதன் பிறகு எனக்கு யார் எந்தச் செட் வாங்கித் தந்தாலும், அந்த 'டக்'குக்கு அது எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வேன். பெட்டியின் மேல் அசல் கம்பெனியின் பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றிப் போட்டு ஏமாற்றப் பார்ப்பார்கள். என்னிடம் நடக்காது.

எங்கள் வீட்டு மாடியில் அத்தையும் மாமாவும் குடியிருந்தார்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. கீழே, தெருவைப் பார்த்த முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தார். பக்கத்துக் கல்லூரி விடுதிகளிலிருந்து பெண்கள் புருவம் திருத்திக்கொள்ள வருவார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை விரல்களில் சுற்றி, அத்தை 'சரக் சரக்'கென்று இழுப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். எல்லாம் அந்த வலது கை விரல்களில்தான் இருந்தது. மாமா பம்ப்செட் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. தினமும் பைக்கில் ஏதாவது ஓர் ஊருக்குப் போய்வருவார்.

ஒரு மழை நாளில் அத்தையின் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டார்கள். அதில் நான் பூப்படம் வரைந்தேன். பிறகு கட்டைப் பிரித்தார்கள். கட்டைப் பிரித்தாகிவிட்டது என்றால் கை சரியாகிவிட்டது என்றுதான் பொருள். அப்படியும் பார்லரின் ஷட்டர் ஏறவில்லை. அத்தை லீவு எடுத்துக்கொண்டிருக்கிறார், பெரியவர்கள் லீவு எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று பொறாமைப்பட்டேன்.

டாக்டர் அமுக்கிப் பழகச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை அத்தை ஒரு வாரம்கூட அமுக்கவில்லை. "இத அமுக்கி அமுக்கி என்னத்தைக் கண்டேன்?" என்று மேசையில் எறிந்தார். அது என்னிடம் வந்து, சீக்கிரமே பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் எல்லாரும் அத்தையிடம் ரொம்பவும் அன்பாக இருந்தார்கள். அவர் டம்ளரை எடுத்தால் அம்மா ஓடிவந்து வாங்கிக்கொள்வார். "வெச்சுரு அம்மணி, நான் செய்யறேன்" என்பது அந்த நாட்களில் ஒரு நாளைக்குப் பலமுறை காதில் விழும். அதைக் கேட்கும்போதெல்லாம் அத்தை மாடிக்குப் போய்விடுவார்.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் மாமா கோட்டைப் பெட்டியோடு வந்து, என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, அன்னூர்ல என்ற சிநேகிதன் ஒருத்தன் பொம்மைக் கடை போடறான். எந்த பிளாக்ஸ் செட்டு நல்லதுன்னு தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துச் சொல்லோணுமாமா. எனக்கு உன்னைத் தவிர வேற ஆளு தெரியலை."

எனக்கும் தெரியவில்லை. இந்த வேலைக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"ஒரே ஒரு கண்டிசன். நீ ஒருத்தி சொன்னாப் பத்தாதாமா. பெரியவங்க கையிலயும் டெஸ்ட் பண்ணோணுமாமா. அத்தையச் சேர்த்துக்க. இடது கை புடிச்சுக்கலாம், புடுங்கறது வலது கையாத்தான் இருக்கோணும். இல்லீன்னா ரிப்போர்ட்டு செல்லாதுன்னுட்டான்."

அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங்க, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டார். மாமா சட்டைப் பையில் எதையோ தேடினார். நான்தான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நீங்க வரலைன்னா என்ற ரிப்போர்ட்டே செல்லாதுங்க அத்தை" என்று கெஞ்சினேன். அத்தை என் முகத்தையும் மாமா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

மூடிக்கிடந்த பார்லர் எங்கள் பரிசோதனைக் கூடமாயிற்று. கண்ணாடிக்கு முன்னால் சுழல் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்வேன். வாடிக்கையாளர் நாற்காலியில் நிபுணர், பக்கத்தில் முக்காலியில் உதவியாளர். முதலில் நிறம் பார்ப்பேன். ஒரே பெட்டியில் இரண்டு விதமான சிவப்பு இருந்தால் மதிப்பெண் குறையும். பிறகு சுவர் மாதிரி அடுக்கி, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். கடைசியில் மேல் பிளாக்கை மட்டும் பிடித்து மொத்தத்தையும் தூக்குவேன். கோட்டைப் பெட்டிச் சுவர் தூக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தது.

"சுத்தக் குப்பைங்க அத்தை" என்றேன்.

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு கண்ணு" என்றார் அத்தை. அவர் பாட்டுக்கு இரண்டு இரண்டாகச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அத்தைக்குப் பிளாக்ஸ் விஷயத்தில் ரசனை போதாது என்பது அன்றைக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் உதவியாளரை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு பெட்டியாவது வரும். மாமா ஒரு நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டுவருவார், ஒரு நாள் பொள்ளாச்சியிலிருந்து. தொண்டாமுத்தூரில் யாரோ ஒரு விவசாயியின் தோப்புக்குள் யானை புகுந்து தென்னைகளைச் சாய்த்த கதையை வாசலிலேயே சொல்ல ஆரம்பிப்பார். நான் யானையை விட்டுவிட்டு அவர் பையைப் பார்ப்பேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவரிடம் வாயால் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். நிறம், வாடை, பிசிறு என்று நான் விலாவாரியாகச் சொல்வேன். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றை மட்டும்தான் திருப்பிக் கேட்பார்.

"போன செட்டவிட இது இறுக்கமா, லூசா? அத்தை கைக்கு வந்துதா?"

"வந்துதுங்க மாமா. கொஞ்சம் முக்குனாங்க."

"அப்படீன்னா இதவிடக் கொஞ்சூண்டு இறுக்கமா எது இருக்கும்?"

ஒரு பொம்மைக் கடைக்காரருக்கு இறுக்கத்தைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லாமல் இருந்தது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவர் தொழிலில் முன்னுக்கு வருவது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

சில பிளாக்குகள் அத்தைக்குப் பிரிக்க வராது. விரல் வழுக்கும், பிளாக் கீழே விழுந்து உருளும், அத்தையின் மேலுதட்டில் வேர்வை பூக்கும். ரயில் பெட்டி வந்த வாரம் அப்படித்தான் திரும்பத் திரும்ப விழுந்தது. அத்தை கையை மடியில் போட்டுக்கொண்டு, "எனக்கு வராது கண்ணு. உடு" என்றார்.

நான் அந்த பிளாக்கை வாங்கிக் குமிழ்களைத் தடவிப் பார்த்தேன். ஒன்றில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. "உங்க மேல தப்பில்லைங்க அத்தை. பிளாக்கு சரியில்லை. இத ஒழுங்காச் செஞ்சிருந்தா உங்களுக்கு வந்திருக்கும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "வேற ஒண்ணு எடுங்க. டெஸ்ட்ட நடுவுல நிறுத்தக் கூடாதுங்க."

அத்தை கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு வேறொன்றை எடுத்தார்.

லாரிப் பெட்டி வந்த மறுநாள்தான் விபரீதம் நடந்தது. அவ்வளவு இறுக்கமான பிளாக்ஸை நான் அதுவரை கண்டதில்லை. தட்டையான இரண்டு பிளாக்குகளைச் சேர்த்துவிட்டேன், பிரிக்க முடியவில்லை. நகத்தை விட்டுப் பார்த்தேன். கதவு இடுக்கில் வைத்துப் பார்த்தேன். நிபுணர்கள் செய்யக் கூடாத காரியத்தைக் கடைசியில் செய்தேன். வாயில் வைத்துக் கடித்து இழுத்தேன். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முன்பல் ஒன்று பிளாக்கோடு வெளியே வந்துவிட்டது.

ரத்தத்தைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். மாமாவும் அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"பிளாஸ்டிக்கப் போய் யாராச்சும் பல்லுல கடிப்பாங்களா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே என் வாயைத் துடைத்தார் அம்மா. அடுத்து மாமா பக்கம் திரும்பினார். "ஏனுங்ண்ணா, நீங்க வாங்கியாந்து குமிச்சுத்தான் இவ இந்த ஆட்டம் ஆடறா. போதுமுங்க. எல்லாத்தையும் மூட்டை கட்டி யாருக்காச்சும் குடுத்துருங்க. இவளும் ஓய்வா இருக்கட்டும், அம்மணியும் ஓய்வா இருக்கட்டும்."

என் பதவி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பல் போனதைவிட அதுதான் வலித்தது.

"அண்ணி, சித்த இருங்க" என்றார் அத்தை.

முக்காலியில் உட்கார்ந்தபடியே அவர் அந்த ஒட்டிக்கொண்ட ஜோடியைத் தரையிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்தார். இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விளிம்பில் கொடுத்தார். இழுத்தார். வழுக்கியது. மறுபடியும் பிடித்தார். விரல் நுனி வெளுத்துப்போயிற்று, மணிக்கட்டு நடுங்கியது.

"குடு அம்மணி, நான் பிரிச்சுத் தாரேன். கை வலிக்கும்" என்று அம்மா கையை நீட்டினார்.

"வேண்டாங்க தங்கச்சி" என்றார் மாமா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "அவளே செய்யட்டும், உடுங்க."

அம்மா கையை இழுத்துக்கொண்டார். தெருவில் ஒரு பஸ் போயிற்று. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, இன்னொரு முறை இழுத்தார்.

டக்.

தெறித்த பாதி கண்ணாடியில் பட்டுக் கீழே விழுந்தது. மறு பாதி அத்தையின் வலது விரல்களுக்கு நடுவில் இருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தெருப்பக்கம் திரும்பி நின்று, நன்றாக இருந்த ஷட்டர் பூட்டை ஆட்டி ஆட்டிச் சரிபார்த்தார். அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். எனக்குப் பல் விழுந்ததற்காகத்தான் இவ்வளவு அழுகை என்று நினைத்து, "எனக்கு வலிக்கலைங்மா" என்று ஆறுதல் சொன்னேன். பிறகு, வேலை வேலைதான் என்பதால், மாமாவிடம் போய் ரிப்போர்ட்டைத் திருத்தினேன். "லாரிப் பெட்டி நல்ல செட்டுதானுங்க. எனக்குத்தான் புடுங்கத் தெரியலை."

பெட்டிகளை யாரும் மூட்டை கட்டவில்லை. கொஞ்ச நாளில் அத்தை நூலைக் கையில் எடுத்தார். முதலில் மாமாவின் முழங்கை முடியில் பழகினார். மாமா கத்தாமல் கத்தினார். அடுத்து அம்மாவின் புருவம். ஒரு பக்கம் கொஞ்சம் மெலிந்துபோய்விட்டது. எப்போதும் யாரையோ கேள்வி கேட்பது போன்ற முகத்தோடு அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தார். "எங்க நாத்தனா எடுத்துவிட்டது" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னாராம். பிறகு ஷட்டர் ஏறியது, விடுதிப் பெண்கள் வந்தார்கள், சுழல் நாற்காலியிலிருந்து நான் இறக்கப்பட்டேன்.

அன்னூரில் அப்படி ஒரு சிநேகிதரும் இல்லை, கடையும் இல்லை என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அத்தை அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாராம். "ரிப்போர்ட்டு செல்லாதுன்னு நீ நின்ன நிப்பப் பார்த்துப்போட்டு, நான் எப்புடி வரமாட்டேன்னு சொல்லறது?" என்றார். வீட்டில் எல்லாரும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒருத்திதான் பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். அது தனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. மாமா பெட்டி வாங்கிவருவதை நிறுத்திவிட்டார் என்பது மட்டும்தான் தெரிந்தது. சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் அவர் மறுபடியும் வெறுங்கையோடு வந்து இறங்கியபோது வாசலிலேயே மறித்துக் கேட்டுவிட்டேன்.

மாமா குனிந்து என் கன்னத்தைத் தட்டினார். "இனி வேண்டாங் கண்ணு. டெஸ்டெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

நான் ஓவென்று அழுதேன். பார்லருக்குள்ளிருந்து அத்தை நூலும் கையுமாக வெளியே வந்து விஷயத்தைக் கேட்டு அவரும் சிரித்தார். அம்மா சிரித்தார். பாதிப் புருவத்தோடு நாற்காலியில் இருந்த பெண்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஒருத்தியின் வேலை போயிருக்கிறது, அதற்கு இந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாக அழுதேன்.