என் இடுப்பு முப்பத்தாறு

வாப்பா ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனார். எனக்கு ஐம்பத்தொன்று பிறந்ததும் என் மனைவி நச்சரிக்கத் தொடங்கினாள். அவள் தொல்லை தாங்காமல்தான் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்கும் உள்ளுக்குள் உதறல்.

ரிப்போர்ட்டின் முதல் வரி மொத்தக் கொலஸ்ட்ரால். பக்கத்திலேயே நார்மல் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே நான் படிக்கவில்லை. பாஸ் என்று தெரிந்த பிறகு மார்க்கை யார் பார்ப்பார்கள்? தாராவியில் எனக்கு ஒரு சின்ன பெல்ட் பட்டறை. அங்கே வேலை செய்யும் நாலு பேருக்கும் சூடாக ஜிலேபி வாங்கிக் கொடுத்து, நானும் மூன்று தின்றேன். எண்ணெயைக் குறைத்து, முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கி வாழ்ந்தவனுக்கு இதுகூடக் கிடைக்காதா! ஜிலேபியில் இருக்கும் எண்ணெய் கணக்கில் சேராது என்பது என் கட்சி.

மனைவி விடவில்லை. மாட்டுங்காவில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ரிப்போர்ட்டைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, “இடுப்பு எவ்வளவு சார் இருக்கும்?” என்றார்.

என்னிடம் போய் இதைக் கேட்கலாமா? தெருவில் போகிறவனின் இடுப்பை எட்ட இருந்தே சொல்லிவிடுகிறவன் நான். “முப்பத்தாறு டாக்டர். நிக்காஹ் அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான். பாருங்க, நம்ம கையால செஞ்ச பெல்ட்டு,” என்று தட்டிக் காட்டினேன்.

அவர் டேப்பை எடுத்துத் தொப்புளுக்கு நேராகச் சுற்றினார். நாற்பத்தொன்று.

“அது வயிறுல்லா! இடுப்பு கீழல்லா இருக்கு!”

“வயிறு வளர வளர பெல்ட்டைக் கீழே இறக்கிண்டே வந்திருக்கேள். அதான் அளவு மாறலை.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊரார் இடுப்பை அளந்து பிழைக்கிறவன் சொந்த இடுப்பில் ஏமாந்திருந்தேன்.

“ஆனா மொத்தம் நார்மல்தானே?” என்று விடாமல் கேட்டேன்.

“நல்ல கொலஸ்ட்ரால் ரொம்பக் கம்மி. அதையும் சேர்த்துத்தான் மொத்தம், அதனால தொகை அடக்கமாத் தெரியறது. டிரைகிளிசரைடுன்னு ஒரு கொழுப்பு, அது ஏகத்துக்கு ஏறியிருக்கு. வெறும் வயித்துச் சுகரும் எல்லையைத் தாண்டியாச்சு. இந்த மூணோட வயிறு, பிரஷர், ஆக அஞ்சு. அதுல மூணு சரியில்லேன்னாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு சொல்லுவோம். ஒவ்வொண்ணும் தனியா சின்னதாத்தான் தெரியும். சேர்ந்துண்டா ஹார்ட்டுக்கு ஆபத்து. உங்களுக்கு நாலு இருக்கு.”

“அஞ்சாவது?”

பிரஷர் பார்த்தார். அதுவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அஞ்சுக்கு அஞ்சு வாங்கியதில்லை.

“எண்ணெயே தொடமாட்டேனே டாக்டர்,” என்று முனகினேன்.

மனைவி போட்டுக் கொடுத்துவிட்டாள். “ஒரு நாளைக்கு எட்டு அரை கிளாஸ் கட்டிங் சாய் டாக்டர், சீனி தூக்கலா. கூட பாவு ரொட்டி வேற. சோத்தைக் கேக்கவே வேண்டாம்.”

“அந்தச் சக்கரையும் மைதாவும்தான் கொழுப்பா மாறறது,” என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் திரும்பும்போது என் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாப்பாவும் தொப்பைக்குக் கீழேதான் பெல்ட் கட்டுவார். அவர் வயிற்றில் யாரும் டேப் வைத்துப் பார்த்ததில்லை. எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. நன்றாகவே பயந்துபோனேன்.

மாத்திரை வந்தது, காலை நடை வந்தது. சாயில் சர்க்கரை போனது, கூடவே என் நல்ல குணமும் போனது. ஒரு மாதத்துக்குப் பட்டறையில் யாரும் தேவையில்லாமல் என் பக்கம் வரவில்லை. வயிறு மெல்ல மெல்லக் குறைந்தது. அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்தேன். அஞ்சில் மூன்று வழிக்கு வந்தன. மற்ற இரண்டோடு இன்னும் மல்லுக்கட்டுகிறேன்.

போன மாதம் எனக்கு ஐம்பத்து மூன்று பிறந்தது. டோம்பிவிலியில் தம்பி வீட்டில் இருக்கும் உம்மா அன்று வந்திருந்தாள். காலையில் நான் கண்ணாடி முன் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று என்னையே பார்த்தாள்.

“ஒங்க வாப்பா இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தா, இப்படித்தாம்ல நரைச்சிருப்பாவ,” என்றாள்.

அவள் பார்த்து முடிக்கும்வரை நான் கையை அசைக்காமல் நின்றேன்.