குடிலுக்குப் பின்னால் ஒரு கும்பிடுபூச்சி

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். ஒரு வருடம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கவிடும் திரையை வரைந்து தரும்படி எங்கள் மாதா கோயிலில் கேட்டார்கள்.

ஒட்டகமும் பேரீச்ச மரமும் எனக்குப் பழக்கமில்லை. விளக்கைத் தேடி வீட்டுக்குள் வந்து விழும் பூச்சிகள்தான் பழக்கம். செத்துக் கிடப்பவற்றைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்து வரைந்துகொண்டிருப்பேன். அதனால் சம்மனசுக்கு, அதாவது வானதூதருக்கு, விட்டில் பூச்சியின் பழுப்புச் சிறகு வைத்தேன். இடையர்கள் மண்டியிடும் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கும்பிடுபூச்சி. பச்சைச் சாயம் போதாமல், எஸ்டேட் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எண்ணெய்ப் பெயிண்டை அதற்கு மட்டும் அடித்தேன்.

கோயில் கமிட்டியில் இருந்த, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ரைட்டர் ஒருவர் வந்து பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், நொம்ப நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. ஆனா கோயிலுக்குள்ள பூச்சியா? வருசம் பூரா இதுங்களுக்குத்தான் மருந்தடிக்கிறோம்."

"அதுவும் கும்பிடுதுங்களே."

"வெளியில நின்னு கும்பிடட்டுங்க."

பங்குச் சாமியார் குறுக்கே வந்து, சிறகு இருக்கட்டும், பூச்சியை மட்டும் மறைத்துவிடலாம் என்றார். எனக்கு அழுகை முட்டியது. நீலப் பொடியைத் தண்ணீரில் குழைத்து அதன் மேல் பூசி, இரண்டு நட்சத்திரங்களைப் போட்டேன்.

அந்த டிசம்பரில் பனிமூட்டம் விலகவே இல்லை. கோயில் சுவரெல்லாம் ஈரம். பெயிண்ட் மேல் பூசிய நீலம் ஒட்டாமல் வழியத் தொடங்கியது. பண்டிகைக் காலையில் முதலில் ஒரு கால் தெரிந்தது, பிறகு கூப்பிய கைகள். பக்கத்துக் கிராமமான வெள்ளக்கடையிலிருந்து பூசைக்கு வந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அட, நம்ம தோட்டத்துக் கும்பிடுபூச்சி! எம்மாம் பெருசு பாருங்க!"

ரைட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கழற்றச் சொல்வார் என்றே நினைத்தேன்.

"நான் தொடைக்கலீங்க. அதாத்தான் வழிஞ்சிருச்சு," என்றேன்.

"தெரியுதுங்க." கிட்டே போய்க் கூப்பிய கைகளைப் பார்த்தார். "இருந்துட்டுப் போகுதுங்க," என்று சொல்லி, குடிலில் கலைந்திருந்த வைக்கோலைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அது அங்கேயே இருந்தது. அடுத்த வருடம் சேலத்திலிருந்து அச்சடித்த படம் வாங்கி வந்தார்கள். எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் வீட்டில் பெரிய அட்டைகளில் வரையத் தொடங்கியிருந்தேன்: வண்டுத் தலையோடு பஸ்ஸுக்கு நிற்கும் மனிதர்கள், சிறகு முளைத்த காப்பிச் செடிகள். வெள்ளக்கடைப் பெண்களில் இருவர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைப் பார்க்க வருவார்கள்.