சத்தத்துக்கு முன்னால் வந்த வண்டி

கொடைக்கானலில் டாக்சி ஓட்ட லைசென்ஸ் வாங்குவது சுலபம். வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருக்கப் பழகத்தான் வருஷக்கணக்காகும். மலை ரோட்டில் ஸ்டியரிங் பிடிப்பவர்களே, உங்களுக்கும் இது தெரியும். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

நேரான ரோடு எங்கே?

போன வாரம் ஏரிப்பக்கம் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். மாப்பிள்ளையும் மச்சானுமாக இருவர் வந்தார்கள். மாப்பிள்ளையிடம் நீளமான மின்சாரக் கார். மொத்தக் குடும்பத்தின் மூட்டைமுடிச்சும் பின்னால் கொள்ளும். மச்சானிடம் குட்டிப் பெட்ரோல் கார். உருவம் சின்னது, உறுமல் பெரிது. எது முதலில் அறுபதைத் தொடும் என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே சண்டையாம். அதைத் தீர்க்க நேரான ரோடு ஒன்று வேண்டுமாம். இங்கே நாலாவது கியர் விழுவதே அபூர்வம் என்றேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"அப்புறம் எதுக்குண்ணே இதுக்கு ரோடுன்னு பேரு வச்சிருக்கீங்க?"

மூச்சு வாங்கிய பெட்ரோல்

ஊருக்கு வெளியே ஒரு சின்ன மேட்டில் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து போனில் நேரம் பார்க்கும் சோலி எனக்கு. பெட்ரோல் கார் இரண்டாவது கியரில் கத்திக் கதறி, மூன்றாவதுக்குப் போவதற்குள் மேடு முடிந்தது. மின்சாரக் காரில் அவர் காலை வைத்ததுதான் தெரியும், என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சத்தமே இல்லை, மூன்று செகண்டில் அறுபது. பொய் சொல்லக் கூடாது, பிரமாதமான வண்டி. மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இந்த உயரத்துல காத்து கம்மிண்ணே, இன்ஜின் மூச்சு விட வேணாமா? தோத்தது என் வண்டியில்ல, உங்க கொடைக்கானல்."

பன்னிரண்டு மணிக்கு மேல்

இரண்டையும் சேர்த்து ஓட்ட வேறு ரோடு கேட்டு நச்சரித்தார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பேத்துப்பாறைப் பக்கம் ஒரு துண்டு நேராக இருக்கிறது என்று உளறிவிட்டேன். அதே ரோட்டில்தான் என் மனைவி மேரி தினமும் காலையில் பீன்ஸ் மூட்டையைச் சுமந்து வேன் நிற்கும் இடத்துக்கு நடப்பாள். "வெள்ளனே போகாதீங்க சார், பொம்பளைங்க தலைச்சுமையோட வருவாங்க. பன்னெண்டு மணிக்கு மேல போவோம், நானும் வாரேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். மாப்பிள்ளை தலையாட்டினார்.

"சரிண்ணே, நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?"

காதால் பார்க்கிற ரோடு

மறுநாள் விடிந்ததும் என்னிடம் சொல்லாமலே போயிருக்கிறார்கள்.

தலையில் சும்மாடும் மூட்டையும் இருந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. எங்கள் பெண்கள் பின்னால் வரும் வண்டியைக் காதால்தான் பார்ப்பார்கள். சத்தம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, நாலு எட்டு நடந்து, அகலமான இடத்தில் ஒதுங்குவார்கள். அன்று மேரிக்குப் பெட்ரோல் வண்டியின் உறுமல் தூரத்தில் கேட்டது. இன்னும் நேரம் இருக்கிறதென்று நடந்தாள். அந்த உறுமலுக்கு முன்னால் மின்சார வண்டி சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டுக் கண்ணாடி மூட்டையில் இடித்து, மேரி சாக்கடையில் விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

சேதி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது மற்றப் பெண்கள் அவளைத் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். ஆளைப் பார்த்தும் பிரேக் போடவில்லையா என்று மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தேன். அடித்திருப்பேன், மேரி வேண்டாமென்றாள். அவர் சொன்னார்:

"காலை எடுத்திருந்தா மச்சான் முந்தியிருப்பான்ணே."

சுமையில்லாத ஒருத்தி

மாவுக்கட்டுப் போட்ட கையோடு மேரி வீட்டில் கிடக்கிறாள். சோறு பிசைந்து கொடுப்பது நான்தான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர்கள் மேல் பாதி, என் வாய் மேல் பாதி. நேற்றுக் காலை வேலைக்குப் போகும் பெண்களை அவள் வாசலில் நிறுத்தினாள்.

"ஏத்தா, இனிமே சத்தத்தை நம்பி நடக்காதீங்க. ஒருத்தி சுமையில்லாம பின்னாடி பாத்துக்கிட்டே வாங்க, ஒரு மூட்டை கொறஞ்சாலும் பரவாயில்ல."

மூன்று செகண்டில் அறுபதைத் தொடும் வண்டியை விட்டிறங்கி, விழுந்து கிடந்தவள் பக்கத்தில் வர அந்த இருவருக்கும் முழுசாக அஞ்சு நிமிஷம் ஆனதாகப் பார்த்த பெண்கள் சொல்கிறார்கள்.