கிளெம் பேச மறுத்த பாறைத்திட்டு

கிளெம் தன் பூர்வகுடி மக்களுக்கு அரசாங்கத்திடமிருந்து வாங்கிக் கொடுத்தவை இவை: ஓடைமுகத்திலிருந்து வடக்கே கலங்கரை விளக்கம் வரை, குடும்பத்துக்கு வேண்டிய, பாறையில் ஒட்டி வளரும் அபலோன் சிப்பியை முங்கி எடுக்கும் உரிமை, சிப்பித் தொழில்காரர்கள் கடலில் இறங்குமுன் அந்த இடத்துக்குரிய குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி, மீன்வளத் துறை பறித்து வைத்திருந்த, முங்கும்போது போடும் இரண்டு கண்ணாடி முகமூடி, ஒரு ரப்பர் உடை.

இந்தப் பட்டியலை அவன் அக்கா நோலா எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். தம்பி ஏழு வயதில் பள்ளியை விட்டவன். சிப்பி எடுத்ததற்காக இரண்டு முறை சிறைக்குப் போனவன். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாளை நீட்டும்போதெல்லாம், "எங்க தாத்தா சாப்பாட்ட நான் எப்படிய்யா திருடுவேன்?" என்று தள்ளிவிடுவான். மற்ற தாள்களில் ஒரு கீறல் போடுவான்; பக்கத்தில் நோலாவின் சாட்சிக் கையெழுத்து இருக்கும்.

பதினோரு ஆண்டுப் பேச்சுவார்த்தையின் கடைசிக் கூட்டம் ஒரு புதன்கிழமை நடந்தது. மறுநாள் மதியத்துக்குள் முடியாவிட்டால் தொழில்காரர் சங்கம் விலகிவிடும். அப்புறம் நீதிமன்றம்தான். கிளெம் மேல் மூன்றாவது வழக்கு வேறு காத்திருந்தது.

அரசாங்க அதிகாரி ரொவீனா வரைபடத்தில் விரலை வைத்தாள். "ஓடைக்குத் தெற்கே இந்தப் பாறைத்திட்டு. இங்கயும் முங்குவீங்களா?"

கிளெம் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன ஞாயிறு அங்கே எடுத்த சிப்பியைத்தான் நோலா தட்டி மெதுவாக்கி வெண்ணெயில் வறுத்தாள். இப்போது மேசைக்கடியில் அவள் அவன் காலை உதைத்தாள்.

சங்கத்துக்காகப் பேச வந்த டெனிஸ் சிரித்தார். "தெரியாத எடத்தப் பத்தி அவர எதுக்குக் கேக்குறீங்க? ஓடையிலயே கோட்டப் போட்டு முடிங்க."

"தெரியும்," என்றான் கிளெம். "ஆனா அது மெர்ல் ஆண்ட்டி எடம். அவங்கதான் பேசணும். அவங்க வராம இந்தத் தாள நான் தொட மாட்டேன்."

காரில் ஏறியதும் நோலா வெடித்தாள். "பதினோரு வருசம்டா! ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஆட்டிட்டு அவங்க மொகத்துல எப்படிக்கா முழிப்பேன்?"

"ஜெயில்ல போய்க் கெட. யார் மொகத்துலயும் முழிக்க வேண்டாம்."

திட்டிக்கொண்டே மெர்ல் ஆண்ட்டியின் எண்ணை அழுத்தியவளும் அவள்தான்.

நான்கு மணி நேரம் காரில் வந்து, மறுநாள் பதினொரு மணிக்கு மெர்ல் ஆண்ட்டி கம்பளித் தொப்பியோடு உள்ளே நுழைந்தார். பாறைத்திட்டில் விரலை வைத்தார். "இது எங்களது. இவன் என்கிட்ட கேட்டுட்டுத்தான் முங்குவான், ஒவ்வொரு தடவையும். விடியக்காலையில போன் பண்ணி என் தூக்கத்தக் கெடுக்கறதே இவன் பொழப்பு."

"அப்ப ஓடைக்கு வடக்கே?" என்றாள் ரொவீனா.

சுட்டுக்கொண்டவர் போல ஆண்ட்டி விரலை எடுத்துவிட்டார். "அத என்கிட்ட கேக்காதம்மா. அவன்கிட்ட கேளு."

டெனிஸ் வரைபடத்தையே பார்த்தார். "முப்பது வருசமா அந்தத் தெற்குத் திட்டுல முங்குறேன். யாரையும் கேட்டதில்ல."

"என் நம்பர எழுதிக்கோ. எட்டு மணிக்கு மேல கூப்பிடு."

கேட்டு இறங்கும் விதி அந்த மேசையில்தான் சேர்ந்தது. தெற்குத் திட்டு மெர்ல் ஆண்ட்டி குடும்பத்தின் பெயரில் எழுதப்பட்டது. நோலா பழக்கதோஷத்தில் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"கொஞ்சம் தள்ளுக்கா. நானே போடறேன்."

எப்போது எழுதிப் பழகினான் என்று அவளுக்கே தெரியாது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினான். கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. மை காயும்வரை பொறுத்திருந்து, அதன் கீழே நோலா தேதி போட்டாள்: 2011 மே 19, வியாழக்கிழமை.