பொடக்காளி வழியாகப் போகாத டீச்சர்

என் மாமியார் மாசாணியம்மாள் வால்பாறையில் ஒரு எஸ்டேட் லயன் வீட்டில் பிறந்தவர். பெற்றவர்கள் கொழுந்து பறித்து அவரை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தார்கள். சூலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. வந்த வாரமே பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவர் வகுப்பிலிருந்து மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் போனார்கள். காரணத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவு நாசூக்கு! வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுக்கொண்டே ஆளை வாசலோடு நிறுத்தத் தெரிந்தவர்கள்.

முதலில் போனவர் நூல் மில் முதலாளி அரங்கசாமி. மகன் சசிதரை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டு, எதையோ சாதித்தவர் போல மீசையைத் தடவிக்கொண்டார். எட்டாவது முடிந்ததும் பையனைக் கோயமுத்தூரில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார். நுழைவுத் தேர்வுக் கணக்கில் பையன் வாங்கியது முட்டை. மறுபடி எழுத ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். ஊரில் கணக்கை ஒழுங்காகச் சொல்லித் தருகிறவர் என் மாமியார்தான் என்பது அப்போதுதான் முதலாளிக்கு உறைத்தது.

மில் கணக்குப்பிள்ளை வந்தார்.

“ஏனுங்க டீச்சர், மொதலாளி ஊட்டுக்கு வந்து பையனுக்குச் சொல்லித் தரோணுமாமுங்க. பொடக்காளி வழியா வந்தாப் போதும்னாருங்க.”

பொடக்காளி என்பது வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடம். அத்தை குரலை உயர்த்தவில்லை.

“எதுக்குங்க அவ்வளவு சிரமம்? தம்பிய எங்க ஊட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. எங்க ஊட்டுல முன்வாசல் மட்டுந்தானுங்க, பொடக்காளியே கெடையாது.”

முதலாளி குதித்தாராம். அவர் மனைவி பத்மாவதி கேட்டாராம்: “பையன் பாசாகோணுமா, உங்க கௌரவம் பாசாகோணுமா?”

சசிதர் அத்தை குடியிருந்த காலனிக்கு வந்தான், வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலும் கையுமாக. ஒருநாள் பாட்டில் காலியானது. பையன் நாக்கு வறண்டு விழித்தான். “கொடத்துல இருக்குது கண்ணு, மோந்து குடி” என்றார் அத்தை. குடித்தான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பரீட்சையிலும் தேறினான். அரங்கசாமி நன்றி சொல்ல வந்தாரா என்று கேட்காதீர்கள். அந்த அளவுக்கெல்லாம் அவருக்குப் பெருந்தன்மை போதாது.

செத்துப்போன தம்பியின் இரண்டு பெண்களையும் தன் மகன், அதாவது என் கணவர் பிரவின்குமாரோடு சேர்த்து வளர்த்து, வேலைக்குப் போன பிறகே கட்டிக்கொடுத்தார் அத்தை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கோயமுத்தூரில் வாடகை வீடு பார்க்க அவரும் வந்தார். “நீங்க என்ன ஆளுங்க?” என்று வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு கேட்டார். என் கணவர் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். அத்தை பளிச்சென்று சொன்னார். உடனே வீட்டுக்காரருக்கு, அமெரிக்காவிலிருந்து வரப்போகும் தம்பி ஞாபகம் வந்துவிட்டது.

“கம்முனு இருந்திருக்கலாமில்லம்மா” என்று என் கணவர் முனகினார்.

“மறைச்சு வாங்குற ஊட்டுல உனக்குத் தூக்கம் வருமாடா?” என்றார் அத்தை.

போன தை மாதம் அத்தை இறந்தார். பள்ளிக்கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அரங்கசாமி காலமாகி, மில் இப்போது சசிதரிடம். அவர்தான் முதலில் மைக்கைப் பிடித்தார்.

“டீச்சரம்மா எங்க ஊட்டுக்கே வந்து, எங்களோட உக்காந்து சாப்பிட்டு, எனக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்தாங்க. எங்க ஊட்டுல வித்தியாசமே பாக்க மாட்டமுங்க.”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

“சசிதரண்ணா, அத்தை உங்க ஊட்டுப் படியே ஏறுனதில்லீங்க. நீங்கதான் எங்க ஊட்டுக்கு வந்து படிச்சீங்க. இன்னிக்குச் சாப்பாடும் அங்கதானுங்க, எல்லாரும் வந்துருங்க.”

இதற்குக் கைதட்ட ஆளில்லை. பலருக்குத் திடீரென்று சுகர் ஏறியது. சிலருக்கு வேறு விசேஷம் இருந்தது.

எங்கள் வீட்டு வாசலில் பந்தி நடக்கும்போது சசிதர் பந்தலுக்கு வெளியே நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளே, எண்பதைத் தாண்டிய பத்மாவதி இலையின் முன் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, டைமாச்சு, போலாம்” என்றார் மகன்.

“அவன் நிக்கட்டும். நீ ரசம் ஊத்து அம்மணி” என்றார் அவர் என்னிடம்.