உதுமான் கடையின் மேல்தட்டு

ரங்கூனின் கியாக்டடா பேட்டையில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த உதுமான் நல்ல மனுஷன்தான். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாயை அடைக்க முடியாது. அந்த ஊரில் அப்போது பாடுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மெட்டில் பர்மிய வரிகளைப் போட்டுத்தான் பாடுவார்கள். அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை. அந்தக் காப்பிப் பாட்டுகளெல்லாம் உதுமான் கடையில் கீழ்த்தட்டில் கிடக்கும். மேல்தட்டில் ஒரே ஒரு கேசட். அவருடைய சிநேகிதர் ஜாபர் பாடியது. 1989இல் உதுமானுக்கு மகள் ஃபஹீமா பிறந்தபோது, "மச்சான், ஒம் புள்ளைக்குன்னே நான் கட்டின மெட்டு" என்று தொட்டில் பக்கத்தில் நின்று பாடிப் பதிவு செய்து கொடுத்தார்.

பதினான்கு வருஷம் அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. பக்கத்துக் கடைக்காரன் நான், எங்கே ஓடுவது? ஃபஹீமாவும் பள்ளிக்கூடத்தில் 'என் பாட்டு' என்று சொல்லித்தான் பாடுவாள்.

2003இல் கப்பல்காரர் ஒருவர், ஓர் இங்கிலாந்து இசைக்குழுவின் ஆறு கேசட்டுகளைப் பிரதி எடுக்கக் கொடுத்தார். அந்த ஊர் நாட்டுப்பாட்டுகளைப் பிடிலும் எலெக்ட்ரிக் கிதாருமாகப் பாடுகிற கூட்டம். கேசட்டுக்குக் கேசட் ஆள் மாறியிருந்தது. கடைசியில் பிடில்காரர் மட்டும்தான் பழைய ஆள். இரண்டாவது கேசட்டில் ஜாபரின் மெட்டு ஓடியது.

உதுமான் குதித்தார். "பாத்தியா பாலா, நம்ம ஜாபர் மெட்டை வெள்ளைக்காரன் திருடிட்டான்!"

நான்தான் அட்டையைத் திருப்பிக் காட்டினேன். 1971. ஜாபர் அப்போது ரங்கூனின் தாகேதா பேட்டையில் நாலு வயசுப் பையன். வருஷத்துக்குக் கீழே பொடி எழுத்தில், 'பழைய நாட்டுப்பாடல். மெட்டு எங்களுடையதல்ல' என்று போட்டிருந்தது.

அன்றே தாகேதாவில் ஜாபர் வீட்டுக்குப் போனோம். ஜாபர் சிரித்தார். "என்ன மச்சான், இங்க யாரு காப்பி அடிக்காம பாடுறா? ஒனக்குத் தெரியாததா?"

"காப்பின்னு சொல்லியிருந்தாலும் மேல்தட்டுலதான் வச்சிருப்பேன். நம்மள யாருன்னே தெரியாத வெள்ளைக்காரன் உண்மைய எழுதி வச்சிருக்கான். நீ எம் புள்ள தொட்டில் பக்கத்துல நின்னு பொய் சொன்னியேடா."

ஜாபரின் சிரிப்பு நின்றது. திரும்பும்போது பஸ்ஸில், "கூட இருந்தே குழி பறிச்சிட்டான்" என்று ஒரே ஒரு முறை சொன்னார் உதுமான்.

மறுநாள் அந்தக் கேசட்டைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஃபஹீமா பார்த்துவிட்டாள்.

"வாப்பா, என் பாட்டு ஏன் கீழ இருக்கு?"

"அது ஒம் பாட்டு இல்லம்மா."

பொய் சொன்னவன் தாகேதாவில் நிம்மதியாக இருந்தான். மகள் அழுததை உதுமான்தான் பார்க்க வேண்டியிருந்தது.